தலையில்லாத கரடியும் என் நாற்பது பக்க ஆவணமும்

சென்னியப்பனின் மேசைமேல் ஒரு கரடி கிடந்தது. உள்ளங்கை அகலப் பனியன் துணியில் அச்சடித்த கரடி. கருநீலக் கம்பளிச் சட்டை, சிவப்புக் கழுத்துத்துணி, பொத்தான்போல இரண்டு கண்கள். மை முழுக்கக் காயாததால் அறையில் மண்ணெண்ணெய்க்கும் புது ரப்பருக்கும் இடைப்பட்ட ஒரு வாடை. பக்கத்தில், வெளிநாட்டில் துணி வாங்குபவரிடமிருந்து வந்த மின்னஞ்சலை அச்சிட்டு வைத்திருந்தார்கள். அதில் ஒரே வரி: இது எங்கள் கரடி அல்ல.

மேசைக்கு இந்தப் பக்கம் எஸ்தர் நின்றுகொண்டிருந்தார். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியின் டிசைன் அறை அவர் பொறுப்பு. அந்தப் பக்கம் முதலாளி சென்னியப்பன். நடுவே, விருந்தாளிகளுக்கான மெத்தை நாற்காலியில், கையில் தேநீருடன் நான். குற்றவாளி உட்கார்ந்து தேநீர் அருந்த, குற்றமற்றவர் நின்றுகொண்டிருந்த அறை அது. இப்போது எழுதும்போது அது எனக்கு நன்றாகத் தெரிகிறது. அப்போது தேநீரில் சர்க்கரை குறைவு என்பது மட்டுமே தெரிந்தது.

"ஏனம்மிணி, கரடிய நீயே வரஞ்சு போட்டியாக்கும்?" என்றார் சென்னியப்பன்.

"வேற என்ன செய்ய சார்? வந்த ஃபைல்ல கரடிக்குத் தலையே இல்ல. மெயில்ல ஸ்டாம்ப் சைஸ்ல ஒரு படம் இருந்துச்சு. அதப் பாத்து வரஞ்சேன்."

"பையர் மூணு வாட்டி அனுப்பியிருக்கறானே."

"மூணு வாட்டியும் தலையில்லாமத்தான் சார் வந்துச்சு."

சென்னியப்பன் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க வாத்தியாரய்யா. நடுவால இருக்கற உங்க பொட்டில ஏதாச்சும் கோளாறு இருக்குங்களா?"

"அதில் பிழை நேர வாய்ப்பில்லை" என்றேன். ஆய்வேடு ஒன்றைத் திருப்பி அனுப்பும்போது நான் பயன்படுத்தி வந்த குரல் அது. இருபதாண்டுகள் பழக்கிய குரல் என்பதால் அன்றும் நன்றாகவே ஒலித்தது.

"அப்பறம் என்னத்தச் சொல்றது? திங்கக்கெழமையிலிருந்து நீ செக்கிங் டேபிளுக்கே போயிரும்மா. டிசைனுக்கு வேற ஆளு பாத்துக்கலாம்."

 எஸ்தர் கரடியை எடுத்து, அதன் முகம் உள்ளே இருக்கும்படி மடித்து, கொண்டுபோய்விட்டார்.

சுவரும் திரையும்

என்னைப்போன்ற ஒருவன் பனியன் கம்பெனிக்குள் எப்படி நுழைந்தான் என்று வாசகர் கேட்கலாம். மின்னணுவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற மறு ஆண்டில் என் மனைவி சௌந்தரம் காலமானாள். அதைப்பற்றி இந்தத் தொடரில் முன்பே ஒரு பத்தி எழுதிவிட்டேன். அதற்குமேல் எழுத எனக்கு வரவில்லை.

இந்தப் பனியன் ஊரின் ராயபுரம் பகுதியில், எங்கள் தெருவிலேயே குடியிருந்தவர் சென்னியப்பன். ஒருநாள் காலையில் வந்தவர், நான் முன்னறையில் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஊட்டுல உக்காந்து செவுத்தப் பாத்துட்டிருக்கறதுக்கு, கம்பெனிக்கு வந்து எங்க கம்ப்யூட்டரப் பாருங்க."

சுவர், கணினி இரண்டுமே பதில் பேசாதவை என்பதால் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. போனேன்.

அஞ்சலட்டையும் அரக்கு முத்திரையும்

அங்கே ஒரு சிக்கல் எனக்காகவே காத்திருந்ததுபோல இருந்தது. வெளிநாட்டில் துணி வாங்குபவர், பையர் என்று கம்பெனிகளில் சொல்வார்கள், தம் படங்களைக் கணினிவழி அனுப்புவார். அதுவரை எஃப்டிபி என்ற பழைய முறையில் அனுப்பிக்கொண்டிருந்தார். அது அஞ்சலட்டை மாதிரி. வழியில் யாரும் படிக்கலாம். இனி எஸ்எஃப்டிபி என்ற புதிய முறையில் மட்டுமே அனுப்புவோம் என்று அறிவித்துவிட்டார். அது அரக்கு வைத்து மூடிய உறை.

கம்பெனியின் டிசைன் கணினியோ பழையது. படத்தை நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அச்சுச் சட்டம் செய்ய உதவுவது அதன் வேலை. அதற்கு அஞ்சலட்டை மட்டும்தான் வாசிக்கத் தெரியும். அதை விற்றவர்கள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது கணினி ஒன்றை வைத்தால் போதும் என்றேன். அது அந்தப் பக்கம் முத்திரையிட்ட உறையை வாங்கும், பிரிக்கும், இந்தப் பக்கம் அஞ்சலட்டையாகக் கொடுக்கும். இத்தகைய கருவிக்கு ஆங்கிலத்தில் கேட்வே என்று பெயர். தமிழில் என்ன சொல்வது என்று ஒரு வாரம் யோசித்து, 'நெறிமுறை இணைப்பு வாயில்' என்று முடிவு செய்தேன். சென்னியப்பன் அதை டோல்கேட்டு என்றார். எஸ்தர் நடுப்பெட்டி என்றார். நடுப்பெட்டி என்ற பெயரே கம்பெனி முழுக்கப் பரவியது. என் பெயர், நான் எழுதிய ஆவணத்தின் அட்டையில் மட்டும் இருந்தது.

ஆம், ஆவணமும் எழுதினேன். நாற்பது பக்கம். மூடிய உறையின் கணிதம் பதினெட்டுப் பக்கம். பயன்படுத்தும் முறை ஒன்றரைப் பக்கம். அதை அங்கே ஒருவரும் வாசிக்கவில்லை என்ற என் நெடுநாள் வருத்தம், இந்த அத்தியாயத்தின் முடிவில் நிம்மதியாக மாறியது.

என் வீட்டின் நடுப்பெட்டி

இங்கே சற்று விலகிப் போக அனுமதி வேண்டும். நான் பேசும் தமிழ் பிறருக்கு எளிதில் சென்று சேராது. "மின்விசிறியின் சுழற்சி சீராக இல்லை, அச்சில் தேய்மானம் இருக்கக்கூடும்" என்று ஒருமுறை மின்பணியாளரிடம் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சமையலறையிலிருந்து சௌந்தரத்தின் குரல் வந்தது: "தம்பி, ஃபேன் ஆடுதுங்க. கழட்டிப் பாருங்க." அவர் உடனே ஏணி கேட்டார்.

அவர் சொன்ன பதிலும் அதே வழியாகத்தான் எனக்கு வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் எங்கள் வீட்டில் பால்காரர், பூக்காரம்மா, என் உறவினர்கள், என் மகள் எல்லோரும் அந்த வழியாகத்தான் என்னுடன் பேசினார்கள். நான் எல்லோருடனும் நேரடியாகப் பேசிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.

சோதனை வெற்றி

கம்பெனியின் கிடங்கு மூலையில் பஞ்சுத் தூசி மூடிக் கிடந்த கணினி ஒன்றை எடுத்துத் துடைத்து, லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி, நடுப்பெட்டி செய்தேன். சோதித்தும் பார்த்தேன். முதலில் பிள்ளையார் சுழியும் என் பெயரும் மட்டும் கொண்ட கோப்பு. பழுதில்லாமல் போய்ச் சேர்ந்தது. அடுத்து என் நாற்பது பக்க ஆவணம். அதுவும் சேர்ந்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் வரிகள் முன்னிலும் ஒழுங்காக அமைந்திருந்தன. அதை என் திறமையாகவே எடுத்துக்கொண்டேன்.

படம் வரைந்து பிழைக்கும் ஒரு கம்பெனிக்காகச் செய்த கருவியை எழுத்தை மட்டுமே அனுப்பிச் சோதித்தேன் என்பதை வாசகர் கவனித்திருப்பார். நான் கவனிக்கவில்லை.

முதல் மாதங்களில் வந்தவை கோடைக்கால உடைகள். வெள்ளை, மஞ்சள், பளிச்சென்ற சிவப்பு. வாத்துகளும் பழங்களும் ஒரு சேதமும் இல்லாமல் வந்து இறங்கின. பிறகு குளிர்கால ஆர்டர் தொடங்கியது. கருநீலம் வந்தது. கரடியும் வந்தது.

"சைஸ் கூடுது சார்"

எஸ்தர் தெற்கே சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்தவர். முதலில் செக்கிங் டேபிளில் நின்றார். தைத்து வந்த உடைகளை ஒவ்வொன்றாக விரித்து, ஓட்டையும் கறையும் தேடும் வேலை அது. அங்கிருந்து மதிய உணவு இடைவேளைகளில் டிசைன் அறைக்குப் போய், அங்கிருந்தவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்தே அந்த வேலையைக் கற்றுக்கொண்டவர். செக்கிங் டேபிளிலிருந்து டிசைன் அறை நாற்காலி அவருக்கு எவ்வளவு தொலைவு என்பதை நான் பின்னால்தான் அறிந்தேன்.

கரடி முதன்முறை தலையில்லாமல் வந்த அன்றே அவர் என்னிடம் வந்தார்.

"சார், ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டியளே?"

"சொல்லுங்கள்."

"நடுப்பெட்டியில இருக்கப்ப ஒரு சைஸ் காட்டுது. என் கம்ப்யூட்டருக்கு வந்தா சைஸ் கூடுது சார். வழியில எதையோ தின்னுட்டு வருது."

ஒரு நல்ல ஆசிரியன் அந்த இடத்தில் எழுந்து போய்ப் பார்த்திருப்பான். நான் உட்கார்ந்தபடியே விளக்கினேன். வெவ்வேறு கணினிகள் வட்டில் இடம் ஒதுக்கும் முறை வேறு. ஆகவே கோப்பின் அளவு வேறுபட்டுத் தோன்றலாம். தோற்றம் வேறு, உண்மை வேறு. தாளில் படம்கூடப் போட்டேன். அரைமணி நேரம் அவர் நின்றபடி கேட்டார்.

"வெளங்கிற்றா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வதுபோல முணுமுணுத்தார். பிறகு, "சரி சார்" என்று போய்விட்டார்.

சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. கரடிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதுதான் குறை.

ஒரு புகைப்படம்

கரடி மேசைமேல் கிடந்தது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை வேறொன்று நடந்தது.

சௌந்தரத்தின் வருடத் திதி நெருங்கிக்கொண்டிருந்தது. மாலை போட ஒரு பெரிய படம் வேண்டும். அவள் படம் எடுத்துக்கொள்வதில் விருப்பமில்லாதவள். நல்லதாக ஒன்றுதான் இருந்தது. அதுவும் வெளிநாட்டில் மகளிடம் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. சந்தன நிறப் பட்டுப்புடவை, பின்னால் வெளிர் திரை. எடுக்கும்போது நான் புகைப்படக்காரருக்கு கேமரா வில்லையின் குவியத் தொலைவைப்பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமை இழந்து பொத்தானை அமுக்கிவிட்டார்.

மகள் படத்தை ஸ்கேன் செய்தாள். மின்னஞ்சலில் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரிய கோப்பு. அதற்கென்ன, என் நடுப்பெட்டி இருக்கிறதே என்றேன். டிசைன் அறையில் பெரிய தாளில் வண்ணத்தில் அச்சிடும் கருவியும் இருந்தது. சென்னியப்பனிடம் அனுமதி கேட்டேன். "இதெல்லாம் கேக்கோணுங்களா?" என்று கடிந்துகொண்டார்.

டிசைன் கணினிக்கு உகந்த வகையில், எதையும் சுருக்காத படக்கோப்பாக அனுப்பும்படி மகளுக்கு அறிவுறுத்தினேன். வெள்ளிக்கிழமை காலை எஸ்தர் தேநீருக்குப் போயிருந்த நேரத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தேன்.

புடவை வந்திருந்தது. தோள், கழுத்துச் சங்கிலி, முகவாய், சற்றே அழுந்திய உதடுகள் வந்திருந்தன. மூக்குக்கு மேலே ஒன்றும் இல்லை. காதோரக் கூந்தல் தொடங்கும் இடத்திலிருந்து படம் கீற்றுக் கீற்றாக வலப்பக்கம் சரிந்து, பச்சையும் ஊதாவுமாகச் சிதறிக் கிடந்தது.

முதலில் கேபிளைச் சரிபார்த்தேன். இதை எழுதாமல் விடலாம் என்று நினைத்தேன். ஆனால் நான் செய்தது அதைத்தான். குனிந்து, பின்பக்கக் கேபிளைப் பிடுங்கி, மறுபடி செருகி, நிமிர்ந்து பார்த்தேன். படம் அப்படியே இருந்தது.

பத்து

அளவைப் பார்த்தேன். நடுப்பெட்டியில் ஓர் அளவு; இங்கே அதைவிடக் கூடுதல். வழியில் எதையோ தின்றிருந்தது.

காரணம் புரிய ஐந்து நிமிடம் ஆனது. எஃப்டிபியில் இரண்டு வகை உண்டு. ஒன்று எழுத்துக்கு, மற்றது எதையும் தொடாமல் அப்படியே கொண்டுபோவதற்கு. பின்னதற்குப் பைனரி என்று பெயர். சொல்லாவிட்டால், நான் பயன்படுத்திய நிரல் முன்னதையே எடுத்துக்கொள்ளும். நான் சொல்லவில்லை.

எழுத்து வகையில் ஒரு சலுகை உண்டு. வரி முடிவதைக் குறிக்க என் நடுப்பெட்டி ஒரு குறியிடும்; டிசைன் கணினிக்கோ இரண்டு குறிகள் வேண்டும். ஆகவே வழியில் ஒவ்வொரு வரிமுடிவிலும் ஒரு குறி சேர்க்கப்படும். என் ஆவணம் அழகாக வந்ததன் ரகசியம் இதுதான். அந்த வரிமுடிவுக் குறியின் எண் பத்து. படத்திலோ ஒவ்வொரு நிறமும் எண்களாகத்தான் இருக்கும். கருநீலத்தில், கூந்தலின் கருமையில், பத்து என்ற எண் அடிக்கடி வரும். அது வரும் இடமெல்லாம் என் கருவி வரி முடிந்துவிட்டதென்று நினைத்து அந்நியன் ஒருவனை உள்ளே நுழைத்தது. பின்னால் நின்ற நிறங்களெல்லாம் ஓரிடம் தள்ளி நின்றன. அந்த வகைப் படக்கோப்பு கீழிருந்து மேலாக எழுதப்படுவது. அதனால்தான் கரடிக்குக் கால் இருந்தது, தலை இல்லை.

வெள்ளையிலும் மஞ்சளிலும் பத்து இல்லை. வாத்துகள் பிழைத்தன.

மதியம் வரை

நிரலில் பைனரி என்ற ஒரே சொல்லைச் சேர்த்தேன். என் நாற்பது பக்க ஆவணத்தில் எங்குமே இல்லாத சொல் அது; நல்லவேளையாக அதை யாரும் வாசித்திருக்கவில்லை. வேலை முடிந்தது. இனி வரும் கரடிகள் எல்லாம் தலையோடு வரும்.

இதன் பிறகு நான் செய்தது ஒன்றும் இல்லை. ஒன்றும் செய்யாமல் மதியம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிழை திருத்தப்பட்டுவிட்டது, யாருக்கும் தெரியவேண்டிய தேவையில்லை. எஸ்தர் திங்கட்கிழமை செக்கிங் டேபிளுக்குப் போவார். புதிதாக வருபவரின் கையில் எல்லாம் சரியாக வரும். 'வாய்ப்பில்லை' என்ற என் சொல் அதன் கண்ணியத்தோடு நிலைத்திருக்கும். இந்த எண்ணத்தை நான் உடனே விலக்கிவிட்டேன் என்று எழுத ஆசைதான். இரண்டு மணிநேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆனது.

எழுந்து போய்ச் சொல்வது எளிதாக இருந்திருக்கும். ஆனால் சொன்னால் சென்னியப்பன் என்ன நினைப்பார் என்று எனக்குத் தெரியும். பெண்பிள்ளைக்கு இரங்கி வாத்தியார் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார் என்று நினைப்பார். மூன்று கரடிகளையும் திறந்தவர் எஸ்தர். அவர் கை படாமல் கெட்டுப்போன கோப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை நான் ஒருவருக்கும் காட்ட விரும்பவில்லை.

உணவு இடைவேளையில் இருவரையும் டிசைன் அறைக்கு அழைத்தேன். கோப்பைத் திறந்தேன்.

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். "இது யாருங்க? பாதிதான் இருக்குது."

"என் மனைவி."

அவர் நிமிர்ந்துவிட்டார். எஸ்தர் வாயில் வைத்திருந்த சோற்றை விழுங்காமல் நின்றார்.

"இந்தக் கோப்பை எஸ்தர் தொடவில்லை" என்றேன். "என் மகள் அனுப்பினாள். நான் திறந்தேன். நடுவில் இருந்தது நான் செய்த கருவி மட்டும். கரடியின் தலையை எடுத்ததும் அதுதான். கோப்பின் அளவு கூடுகிறது என்று எஸ்தர் என்னிடம் சொன்னார். நான் பார்க்கவில்லை."

 சுவருக்கு அப்பால் அச்சு மேசையில் சட்டங்களை வைத்து எடுக்கும் ஒலி கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, இதப் போய்க் காட்டிட்டு" என்றார் சென்னியப்பன் மெதுவாக. "வாயில சொன்னாப் போதாதுங்களா?"

"புதன்கிழமை வாயால்தான் சொன்னேன்."

அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். பிறகு எஸ்தரைப் பார்த்து, "திங்கக்கெழமை ஒண்ணும் நீ எங்கியும் போகவேண்டாம் அம்மிணி. நாந்தான் அவசரப்பட்டுப் போட்டேன்" என்றார். கதவருகே போனவர் திரும்பி, "பையருக்கு மெயில் போடு. அவன் கரடியவே இன்னொருக்கா அனுப்பச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எஸ்தர் கையைக் கழுவிவிட்டு வந்து தம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், அன்னைக்கே சொன்னம்லா?"

"சொன்னீர்கள்."

"வட்டுல எடம் ஒதுக்குதுன்னு ஒரு படம் போட்டியளே, அது ஒண்ணும் வெளங்கல பாத்துக்கிடுங்க."

"அதில் விளங்கிக்கொள்ள ஒன்றுமில்லை."

முதன்முறையாக அவர் சிரித்தார். "சரி, அம்மா படத்த மறுபடியும் எடுப்போமா? ஃபைல் நடுப்பெட்டியில இருக்குல்லா?"

அவரே எடுத்தார். இம்முறை அளவு கூடவில்லை. அதை முதலில் விரல்வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் திறந்தார். புடவை, தோள், உதடுகள், மூக்கு. அதன் மேலே கண்கள். கூந்தல். வகிட்டில் குங்குமம்.

எஸ்தர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா கேமராவப் பாக்கலியே சார். எடதுபக்கம் திரும்பி யாரப் பாக்காங்க?"

அந்தப் பக்கம் நின்று குவியத் தொலைவை விளக்கிக்கொண்டிருந்தவனைப்பற்றி நான் சொல்லவில்லை. பார்வையில் எரிச்சல் இல்லை. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கணித்துக்கொண்டு, அதற்குப் பிறகு புகைப்படக்காரரிடம் என்ன சொல்லிச் சமாதானப்படுத்தலாம் என்று யோசிக்கும் பார்வை. எனக்கு நன்கு பழக்கமானது; பழக்கம் என்பது இப்போதுதான் தெரிந்தது.

கரடி மறுநாள் தலையோடு வந்தது. உண்மையில் அதன் கண்கள் பொத்தான்கள் அல்ல, மூடியிருந்தன. எஸ்தர் வரைந்ததே மேல் என்று இன்றும் நான் கருதுகிறேன்.

திதிக்கு மகள் வந்தாள். முன்னறைச் சுவரில் படத்தை மாட்டி மாலை போட்டோம். சடங்குகள் முடிந்து உறவினர் போனபின், சன்னலோரம் கிடந்த என் சாய்வு நாற்காலியைத் தூக்கி, படத்துக்கு இடப்புறம், கொஞ்சம் தள்ளிப் போட்டேன்.

"அது எதுக்குப்பா அந்த மூலைக்கு?" என்று மகள் கேட்டாள்.

இங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றேன்.